பாவம், அந்த ஃபியூஸை ஏன் திட்டுறீங்க?

ட்ரையர் சுத்துது, வழக்கமான சத்தம் போடுது, ஆனா நாப்பது நிமிஷம் கழிச்சு கதவைத் திறந்தா துணி போட்டது போட்டபடி சில்லுன்னு ஈரமா கிடக்குது. இந்த அமெரிக்காவுல இப்படி ஒண்ணு ஆச்சுன்னா உடனே மூணு விதமான ஞானோபதேசம் இலவசமா கிடைக்கும். ஒருத்தர் "ஹீட்டர் காயில் போயிருக்கும், மாத்திடு"ம்பார். இன்னொருத்தர் "பழைய மெஷின்டா, தூக்கிப் போட்டுட்டு புதுசா வாங்கு"ம்பார். மூணாவது ஆள்தான் விவகாரமான ஆள். "உள்ள ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கும் மச்சி, அதைத் தூக்கிட்டு ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி விட்டுடு, ஜம்முனு ஓடும்" அப்படின்னு வீடியோவோட வந்து நிப்பார்.

மூணு பேரும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. அது ஏன் சூடாகுறதை நிறுத்துச்சு? நான் இதை எழுதுறதே அந்த மூணு பேர்கிட்டயும் சண்டை போடத்தான்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். (மொட்டை மாடியில ரெண்டு மணி நேரத்துல காய்ஞ்சு மொறமொறன்னு ஆகிற துணிக்கு எதுக்குடா மெஷின்னு கேப்பீங்க. ஜனவரியில மிச்சிகன் வந்து பாருங்க, வெளிய காயப்போட்ட ஜீன்ஸ் பலகையா நிக்கும்.) வாஷிங் மெஷின் பக்கத்துல அதே உசரத்துல இன்னொரு பெட்டி. உள்ள ஒரு பெரிய டிரம், அதைச் சுத்துற மோட்டார், அதே மோட்டார்ல ஓடுற ஒரு காத்தாடி, ஒரு ஹீட்டர். காத்தாடி அறையில இருக்கிற காத்தை இழுத்து, ஹீட்டர் வழியா சூடாக்கி, துணிக்குள்ள விட்டு, ஈரத்தோட சேர்த்து ஒரு நாலு அங்குலக் குழாய் வழியா வீட்டுக்கு வெளிய தள்ளும். அவ்வளவுதான் விஷயம். கரண்ட்ல சூடாகிறது ஒரு வகை, கேஸ்ல எரியறது இன்னொரு வகை. இங்க நான் பேசுறது பெரும்பாலும் கரண்ட் மெஷினைப் பத்தி. கேஸ் மெஷினுக்கு நடுவுல ஒரு எச்சரிக்கை வரும், அதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

வடநாட்டுப் பையன்ல இருந்து நம்ம மதுரைக்காரன் வரைக்கும் எல்லாரும் ட்ரையரை ஒரு அடுப்பு மாதிரி நினைக்கிறாங்க. "சூடு குடுக்கும், துணி காயும்." அடுப்பு கிடையாதுங்க அது. அது முதல்ல ஒரு காத்தாடி. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாக்கலாம். மெஷின்ல சுத்திப் பிழிஞ்சு எடுத்த ஒரு மூட்டைத் துணியில ரெண்டு கிலோ தண்ணி மிச்சம் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்க ஏறக்குறைய 22.6 லட்சம் ஜூல் வேணும், ரெண்டு கிலோவுக்கு 45 லட்சம். சாதாரண வீட்டு ட்ரையர்ல இருக்கிற ஹீட்டர் 5,400 வாட் வாக்கில் இருக்கும். வகுத்தா 14 நிமிஷம். துணி, டிரம், தகரம் எல்லாத்தையும் சூடாக்கணும், வெளிய போற காத்தும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும், அதனால அரை மணி, முக்கால் மணி ஆகுது. இதுல கவனிக்க வேண்டியது, அந்த ரெண்டு லிட்டர் தண்ணியும் ஆவியாகி அந்த நாலு அங்குலக் குழாய் வழியாத்தான் வெளிய போயாகணும். வேற வழியே கிடையாது. குழாய் அடைச்சுக்கிட்டா? ஆவி டிரம்முக்குள்ளயே சுத்தும். துணி வேகும், காயாது.

அதனால முதல் கேள்வியே, உங்க ட்ரையர் நிஜமாவே சூடாகலையா, இல்ல சூடாகியும் காய வைக்கலையா? நாலுல மூணு பேரு ரெண்டாவதுக்கு முதலாவது பேரை வெச்சுக் கூப்பிடுறாங்க (இது என் அனுபவக் கணக்கு, புள்ளிவிவரம் கேக்காதீங்க :-) ). ஓட விட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு கதவைத் திறந்து டிரம்முக்குள்ள கையை விட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு புழுக்கமா, கண்ணாடியில நீர்கோத்து இருந்தா உங்க ஹீட்டருக்கு ஒண்ணும் ஆகலை. நேரா குழாய்கிட்ட போங்க. டிஸ்பிளேயில "ஏர் ஃபிளஃப்"னு சூடே இல்லாத செட்டிங்ல வெச்சிருக்காங்களான்னும் ஒரு பார்வை பாத்துக்கோங்க. சிரிக்காதீங்க, நிறைய வீட்ல அதுதான்.

இப்ப நிஜமாவே சூடு வராத கேஸ். ஹீட்டருக்கும் கரண்டுக்கும் நடுவுல மெஷின்காரன் மூணு காவல்காரங்களை நிறுத்தி வெச்சிருக்கான். முதல் ஆள், வெளிய போற காத்தோட சூட்டைப் பாத்து ஹீட்டரை ஆன் ஆஃப் பண்ற தெர்மோஸ்டாட். புது மெஷின்கள்ல இந்த வேலையை தெர்மிஸ்டரும் போர்டும் செய்யும். ரெண்டாவது ஆள் ஹீட்டர் பெட்டி மேலயே உக்காந்திருப்பார். சூடு வரம்பு மீறினா வெட்டி விட்டு, ஆறினதும் மறுபடி சேர்த்து விடுவார். சில மாடல்ல இந்த வரம்பு 250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 121 செல்சியஸ். மூணாவது ஆள்தான் நம்ம கதாநாயகன், தெர்மல் ஃபியூஸ். இவருக்கு வாழ்க்கையில ஒரே ஒரு வேலை, அதுவும் ஒரே ஒரு தடவை. சூடு ஒரு அளவைத் தாண்டினா அறுந்துடுவார். அறுந்தா அறுந்ததுதான், திரும்ப ஒட்டாது. காத்தாடிக் கூண்டு மேல இருக்கிற இந்த ஃபியூஸ் ஒரு பரவலான மாடல்ல 196 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, 91 செல்சியஸுக்கு அறுந்துடும். இது அறுந்தா சில கம்பெனி மெஷின்ல டிரம்மே சுத்தாது, சிலதுல டிரம் சுத்தும் சூடு மட்டும் வராது.

ஹீட்டர் எப்பவும் அதே 5,400 வாட்டைத்தான் கொட்டும். அந்த சூட்டைத் தூக்கிக்கிட்டுப் போறது காத்து. காத்து குறைஞ்சா அதே சூடு கொஞ்சூண்டு காத்துல ஏறி, ஹீட்டர் பெட்டி கொதிக்கும். ரெண்டாவது காவல்காரர் வெட்டுவார், சேர்ப்பார், வெட்டுவார், சேர்ப்பார். ஒரு நாளைக்கு இல்ல, மாசக்கணக்கா. ஏதோ ஒரு நாள் அவரே ஓய்ஞ்சு போவார், இல்லைன்னா சூடு அவரையும் தாண்டும். அப்ப மூணாவது ஆள் உசிரை விட்டு வீட்டைக் காப்பாத்துவார். மறுநாள் நாம வந்து, "சே, இந்த ஃபியூஸ் சனியன் போயிடுச்சு"ங்கிறோம். வாசல்ல செத்துக் கிடக்கிற வாட்ச்மேனைப் பாத்து வேலைக்கு லாயக்கில்லாதவன்னு திட்டிட்டு, உள்ள திருடன் இருக்கானான்னு எட்டிக்கூடப் பாக்காம வேற வாட்ச்மேனுக்கு ஆள் சொல்லி விடுறோம்.

அதைவிட மோசம் அந்த மூணாவது உபதேசம். நம்ம ஊர்ல பழைய வீடுகள்ல பீங்கான் பீஸ் கட்டை இருக்குமே, ஞாபகம் இருக்கா? அடிக்கடி பீஸ் போகுதுன்னு எரிச்சல்பட்டு, மெல்லிசுக் கம்பிக்குப் பதிலா நல்ல தடிச்ச செம்புக் கம்பியைச் சுத்தி வெச்சுட்டு "இனிமே போகவே போகாது பாரு"ன்னு பெருமையா சொல்ற ஒரு மாமா எல்லாத் தெருவுலயும் இருப்பார். பீஸ் போகாதுதான். அதுக்குப் பதிலா சுவத்துக்குள்ள இருக்கிற ஒயர் உருகும். ட்ரையர் ஃபியூஸை முறுக்கி விடச் சொல்ற ஆள் அதே மாமாதான், கையில கேமரா வந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். "டெஸ்ட் பண்றதுக்கு மட்டும்தான்"னு கீழ சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. டெஸ்ட் பண்ண மீட்டர் இருக்கு சாமி. ஃபியூஸ் அறுந்திருக்கான்னு தெரிஞ்சுக்க கரண்டே வேண்டாம்.

என்ன இருந்தாலும் ஒரு ட்ரையர்தானே, இவ்வளவு ஆவேசம் எதுக்குன்னு கேக்கலாம். 2008-ல இருந்து 2010 வரைக்குமான கணக்கை வெச்சு அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2012-ல ஒரு அறிக்கை போட்டுச்சு. வீடுகள்ல வருஷத்துக்கு சுமார் 2,900 ட்ரையர் தீ விபத்து. 5 சாவு, 100 பேருக்குக் காயம், 3.5 கோடி டாலர் நஷ்டம். காரணங்கள்ல முதல் இடம் எதுக்குத் தெரியுமா? சுத்தம் பண்ணாதது, 34 சதவீதம். துணியில இருந்து உதிர்ற அந்தப் பஞ்சுத்தூசி இருக்கே, இங்க லிண்ட்னு சொல்றாங்க, அது கேம்ப்ஃபயர் பத்த வைக்க சேர்த்து வெச்சுக்கிற சரக்கு. அவ்வளவு சுலபமாப் பத்தும். அதைக் குழாய் முழுக்க அடைச்சு வெச்சு, ஒரு முனையில 5,400 வாட் ஹீட்டரை வெச்சு, நடுவுல இருந்த ஒரே பாதுகாப்பையும் முறுக்கி விடச் சொல்றாரு நம்ம வீடியோ மாமா.

போன குளிர்காலத்துல எங்க நண்பர்கள் வீட்ல நடந்ததைச் சொல்றேன். நாலு பசங்க சேர்ந்து எடுத்த வாடகை வீடு, கீழ்த்தளத்துல ட்ரையர். நவம்பர்ல சூடு நின்னுச்சு. வீட்டுக்காரர் ஒரு ரிப்பேர் கம்பெனியை அனுப்பினார். வந்தவர் பத்தே நிமிஷத்துல பின்பக்கத் தகட்டைக் கழட்டி ஃபியூஸை மாத்திட்டு 140 டாலர் பில் போட்டுட்டுக் கிளம்பிட்டார். பசங்களுக்குச் சந்தோஷம். ஜனவரியில மறுபடி நின்னுச்சு. அதே ஆள், அதே ஃபியூஸ், அதே பில். இந்தத் தடவை வீட்டுக்காரர் "நீங்க ஓவரா துணி போடுறீங்க, பாதிக் காசு நீங்கதான் குடுக்கணும்"னுட்டார். என் வாய் சும்மா இருக்குமா? போய் மெஷினை ரெண்டடி முன்னாடி இழுத்துப் பாத்தேன். பின்னாடி இருந்தது வெள்ளிக் காகிதத்துல செஞ்ச மாதிரி ஒரு சுருக்குக் குழாய். மெஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல நசுங்கி சப்பாத்தியா இருந்துச்சு. கழட்டி உதறினா ஒரு தலையணை அளவுக்குப் பஞ்சு. வீட்டுக்கு வெளிய இருக்கிற மூடியில எலி வரக்கூடாதுன்னு யாரோ கம்பி வலை அடிச்சிருக்காங்க, அதுல இன்னொரு தலையணை. அந்த மெக்கானிக் ரெண்டு தடவை அதே குழாயைக் கழட்டாமத்தான் அந்தத் தகட்டைக் கழட்டியிருப்பாரா? கையிலதான் பிடிச்சிருப்பார். பாத்தும் சொல்லலை. ஃபியூஸ் மாத்துறதுக்குத்தான் பில் போட முடியும், "குழாய் நசுங்கியிருக்கு"ன்னு சொல்றதுக்கு பில் கிடையாதே.

அந்த வெள்ளிக் காகிதக் குழாயைப் பத்தி இன்னும் கொஞ்சம் திட்டணும். இங்க பல மாநிலங்கள்ல பின்பற்றுற வீட்டுக் கட்டட விதி தெளிவாச் சொல்லுது: சுவத்துக்குள்ள போற குழாய் வழவழன்னு இருக்கிற உலோகக் குழாயா, நாலு அங்குலமா இருக்கணும். மொத்த நீளம் 35 அடி, அதுலயும் ஒவ்வொரு செங்குத்துத் திருப்பத்துக்கும் அஞ்சடியைக் கழிச்சுக்கணும். உள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி திருகாணி போடக்கூடாது, பஞ்சு அதுல போய் மாட்டும். வெளி வாய்ல வலையே கூடாது. மெஷினையும் சுவத்தையும் இணைக்கிற துண்டு மட்டும் வளையலாம், அதுவும் எட்டடிக்கு மேல போகக்கூடாது. இதெல்லாம் ராக்கெட் சயின்ஸா? ஆனா சுவத்துக்குள்ள இருக்கிறதை வாடகைக்கு வர்றவன் பாக்க முடியாது, வீட்டுக்காரர் பாக்க மாட்டார், மெக்கானிக் பாத்தாலும் சொல்ல மாட்டார்.

சரி, பாக்க வேண்டியது எப்படி? ஃபியூஸுக்கு முன்னாடி ஒரு விஷயம் இருக்கு, பல பேர் இங்கயே கோட்டை விடுறாங்க. மின்சார ட்ரையருக்கு வர்றது 240 வோல்ட். ஆனா அது 120, 120-ன்னு ரெண்டு லைனா வரும். மோட்டாரும் விளக்கும் ஒரே ஒரு லைன்ல, 120-ல ஓடும். ஹீட்டருக்கு மட்டும் ரெண்டு லைனும் வேணும். ஒரு லைன் செத்துப் போச்சுன்னா? டிரம் சுத்தும், லைட் எரியும், டைமர் ஓடும், சூடு மட்டும் பூஜ்யம். அச்சு அசல் ஹீட்டர் போன மாதிரியே இருக்கும். நம்ம ஊர்ல ஒரு ஃபேஸ் போனா பாதி வீடு இருட்டா இருக்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. அதனால எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி பிரேக்கர் பெட்டிக்குப் போய், 30 ஆம்பியர்னு போட்டிருக்கிற அந்த ரெட்டை பிரேக்கரை முழுசா ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணுங்க. பாதியில நிக்கிற பிரேக்கர் பார்வைக்கு ஆன்ல இருக்கிற மாதிரியே தெரியும். நூத்துக்கணக்குல செலவு பண்ணி ஹீட்டர் மாத்தினப்புறம் பிரேக்கர்தான்னு கண்டுபிடிச்சவங்க உண்டு. திரும்பத் திரும்ப விழுந்தா அதோட மல்லுக்கட்டாதீங்க, அது எலக்ட்ரீஷியன் வேலை.

அடுத்தது காத்து. ட்ரையரை ஓடவிட்டு வீட்டுக்கு வெளிய போய் அந்த மூடியைப் பாருங்க. மடல் நல்லா தூக்கிக்கிட்டு நிக்கணும், ஒரு டிஷ்யூ காகிதத்தைக் காட்டினா பறக்கணும். சோம்பேறித்தனமா லேசா ஆடினா உங்க திருடன் கிடைச்சுட்டான். இன்னும் சந்தேகமா, மின்சார மெஷினா இருந்தா பின்பக்கக் குழாயைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை, பக்கத்துலயே நின்னு ஓட விட்டுப் பாருங்க. அறை முழுக்க ஈரமும் தூசியுமா ஆகும், பரவாயில்லை. அப்ப துணி ஒழுங்கா காய்ஞ்சா மெஷின் நிரபராதி. கேஸ் மெஷின்ல இதைச் செய்யவே செய்யாதீங்க. அந்தக் குழாய் வழியாத்தான் எரிஞ்ச புகையும் போகுது, கார்பன் மோனாக்சைடு அறைக்குள்ள வந்தா வாசனை கூட வராது. கேஸ்காரங்க வெளியில இருந்து மூடியைப் பாக்குறதோட, லிண்ட் வடிகட்டியைக் கழுவுறதோட நிறுத்திக்கோங்க. முதல் ஒரு சில நிமிஷம் சூடாகி அப்புறம் ஆறிப் போகுதுன்னா பெரும்பாலும் கேஸ் வால்வு மேல இருக்கிற காயில்கள்தான், அதை டெக்னீஷியன்கிட்ட இதே வார்த்தையில சொல்லுங்க.

வடிகட்டின்னதும் ஞாபகம் வருது. வாசனைக்காக ஒரு காகிதம் போடுவாங்களே, ட்ரையர் ஷீட்டு, அதுல இருக்கிற மெழுகு மாதிரி சமாச்சாரம் அந்த வலையில படியும். பஞ்சை எடுத்துட்டா கண்ணுக்குச் சுத்தமாத்தான் தெரியும். குழாய்த் தண்ணியில பிடிச்சுப் பாருங்க, தண்ணி வலை மேலயே தேங்கி நின்னா சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும்தான் மருந்து.

காத்து சரி, கரண்ட் சரி, அப்பவும் சூடு இல்லைன்னாத்தான் உள்ள போகணும். பிளக்கைப் பிடுங்கிட்டு. ஆஃப் பண்ணிட்டு இல்லை, பிடுங்கிட்டு. 240 வோல்ட்டு விளையாட்டு இல்ல, ஓடுற மெஷின்ல மீட்டர் வைக்கிற வீரமெல்லாம் வேண்டாம். இருபது டாலருக்குக் கீழ கிடைக்கிற மல்டிமீட்டர் ஒண்ணு, ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டு, அது போதும். ஃபியூஸோட ரெண்டு ஒயரையும் கழட்டி அளந்தா கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டணும். ஒண்ணுமே காட்டலைன்னா அறுந்திருக்கு. ஹீட்டர் காயிலை அளந்தா எவ்வளவு வரணும்? 240-ஐ 240-ஆல பெருக்கி 5,400-ஆல வகுங்க, பத்தரை, பதினொண்ணு ஓம். முதல் வருஷம் படிச்ச ஓம் விதி கடைசியில ஒரு ஜட்டியைக் காய வைக்க உதவுது பாருங்க. காயில்ல இருந்து தகரப் பெட்டிக்கு அளந்தா எதுவுமே காட்டக்கூடாது. காட்டினா கம்பி அறுந்து தகரத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கு, அந்த மெஷினைப் பிளக்ல மாட்டவே மாட்டாதீங்க. ஃபியூஸ் புதுசு போடுறப்ப அதே மாடலுக்கான, அதே டிகிரி ஃபியூஸா பாத்துப் போடுங்க, "கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லது"ங்கிற பீஸ் கட்டை புத்தி இங்க ஆகாது. பக்கத்துல இருக்கிற தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாத்துறது உத்தமம், சில கம்பெனி ரெண்டையும் ஒரே பொட்டலமாத்தான் விக்கிது. குழாயைச் சுத்தம் பண்ணாம இதை மட்டும் மாத்தினா நம்ம பசங்க வீட்டு ஜனவரிதான்.

இந்த மெஷின் பலதுக்குள்ள, தகட்டுக்குப் பின்னாடியோ கண்ட்ரோல் பேனலுக்கு உள்ளயோ, ஒரு மடிச்ச காகிதம் இருக்கும். முழு ஒயரிங் படம், ஒவ்வொரு பாகமும் எவ்வளவு ஓம் காட்டணும்ங்கிற அட்டவணை, எல்லாமே அதுல இருக்கும். மேல என்ன எழுதியிருக்கும்னா, இது டெக்னீஷியனுக்கு மட்டும். காசு குடுத்து வாங்கினவனுக்குக் குடுக்கிற புத்தகத்துல "சூடாகவில்லையா? சர்வீஸுக்கு அழைக்கவும்". பதில் அவன் வாங்கின பெட்டிக்குள்ளயே ஒளிச்சு வெச்சிருக்கு! இந்தக் கூத்தை மாத்தத்தான் ரிப்பேர் உரிமைச் சட்டங்கள் வர ஆரம்பிச்சிருக்கு. நியூயார்க் 2022-ல போட்ட சட்டம் வீட்டுச் சாதனங்களை வெளிய விட்டுடுச்சு. கலிஃபோர்னியா 2023-ல போட்ட சட்டம், 2024 ஜூலையில இருந்து, சாதனங்களையும் சேர்த்துக்கிச்சு: 100 டாலருக்கு மேல மொத்த விலை இருக்கிற பொருள்னா அந்த மாடலைச் செய்யறதை நிறுத்தி ஏழு வருஷம் வரைக்கும் பாகமும் கையேடும் கிடைக்கணும். "பொதுஜனம் திறந்தா ஆபத்து"ன்னு கம்பெனிகள் சொல்ற வாதம் முழுக்கப் பொய்ன்னு நான் சொல்லலை. 240 வோல்ட் ஆபத்துதான். ஆனா படத்தை ஒளிச்சு வெச்சா ஜனம் திறக்காம இருக்கப் போறதில்லை, படம் இல்லாமத் திறக்கும். அந்த இடைவெளியிலதான் வீடியோ மாமா வந்து உக்காந்துக்கிறார்.

"பொதுஜனத்தைக் காப்பாத்துறோம்"ங்கிறவங்க கிட்ட இங்கிலாந்துக் கதையையும் கேக்கணும். 2015-ல வேர்ல்பூல் கம்பெனி தன்னோட ஹாட்பாயிண்ட், இண்டிசிட், கிரீடா ட்ரையர்கள் பலதுல பஞ்சு ஹீட்டர் மேல விழுந்து தீப்பிடிக்க வாய்ப்பிருக்குன்னு ஒத்துக்கிச்சு. 2004-ல இருந்து வித்த மெஷின்கள். அப்ப ஜனங்களுக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? ரிப்பேருக்கு ஆள் வர்ற வரைக்கும் ஓட்டலாம், ஆனா ஓடுறப்ப வீட்டை விட்டுப் போகாதீங்க! 2016 ஆகஸ்ட்ல லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ல ஒரு அடுக்குமாடியில அந்த மாதிரி ஒரு ட்ரையர்ல இருந்து தீ கிளம்பிச்சு. 2017-லதான் "பிளக்கைப் பிடுங்குங்க"ன்னு மாத்திச் சொன்னாங்க. 2019-ல, சரி பண்ணாம மிச்சம் இருந்த மெஷின்கள், அஞ்சு லட்சம் வரைக்கும், திரும்பப் பெற வேண்டியதா போச்சு. அங்க பிரச்சினை மெஷினோட வடிவமைப்பு, குழாய் இல்ல. ஆனா சேர்மானம் அதே ரெண்டுதான், பஞ்சும் சூடும்.

இப்ப "புதுசு வாங்கு" அண்ணாச்சி கிட்ட வருவோம். வாங்குங்க, உங்க காசு. ஆனா புது மெஷினை எங்க மாட்டுவீங்க? அதே நசுங்கின குழாயில. அதே வலை அடிச்ச மூடியில. கொண்டு வந்து இறக்குறவர் அரை மணியில மாட்டிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடணும், சுவத்துக்குள்ள எட்டிப் பாக்க அவருக்கு ஏது நேரம்? புது மெஷினும் புது ஃபியூஸும் பழைய அடைப்போட கொஞ்ச நாள் மல்லுக்கட்டும். அப்புறம் "இப்பல்லாம் எந்தப் பொருளும் தரமா வர்றதில்லை"ன்னு ஒரு புலம்பல். எண்பதுகள்ல செஞ்ச ட்ரையர் இன்னும் ஓடுற வீடுகள் இங்க இருக்கு. மோட்டார், பெல்ட், ஹீட்டர், நாலு தெர்மோஸ்டாட், அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. பத்து இருபது டாலர் பாகத்துக்காக அம்பது கிலோ தகரத்தைத் தெருவோரம் தூக்கி வைக்கிறதைப் பாத்தா பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் குடுக்கிறவருக்குக் கூட மனசு கேக்காது.

குழாயே வேண்டாம்னா ஹீட் பம்ப் ட்ரையர் இருக்கு. காத்தை வெளிய தள்ளாம உள்ளயே சுத்த விட்டு ஈரத்தைத் தண்ணியா வடிச்சு எடுக்கும், கரண்டும் ரொம்பக் கம்மி. ஐரோப்பிய யூனியன் 2025 ஜூலையில இருந்து போட்டிருக்கிற விதிப்படி அங்க புதுசா விக்கிறதெல்லாம் நடைமுறையில இந்த வகைதான். அது நியாயமான காரணத்துக்காக மாத்துறது. ஃபியூஸ் போனதுக்காக மாத்துறது வேற. (வாடகை ஒப்பந்தத்துல பால்கனியில கொடி கட்டக் கூடாதுன்னு போட்டு ட்ரையரைத் தலையில கட்டுறாங்களே, அதைப் பத்தி தனியா ஒரு நாள் திட்டுறேன். ஃபுளோரிடாவுல கொடி கட்டுறதுக்குத் தடை போடுறதையே சட்டம் தடுத்து வெச்சிருக்குங்கிறது மட்டும் இப்போதைக்கு.)

"நாங்க வாடகைக்கு இருக்கோம், மெஷினே வீட்டுக்காரரோடது, எங்களுக்கு எதுக்கு மீட்டரும் மண்ணாங்கட்டியும்?" நியாயமான கேள்வி. திறக்காதீங்க. ஆனா சும்மாவும் இருக்காதீங்க. போன்ல சொல்லாம எழுத்துல அனுப்புங்க. "ட்ரையர் வேலை செய்யலை"ன்னு ஒரு வரியில முடிக்காம, டிரம் சுத்துது சூடு வரலை, பிரேக்கரை ஆஃப் ஆன் பண்ணிப் பாத்தாச்சு, வெளி மூடியில காத்து வரலை, இணைப்புக் குழாய் நசுங்கியிருக்குன்னு எழுதி, மூடியோட படத்தையும் குழாயோட படத்தையும் சேர்த்து அனுப்புங்க. ஃபியூஸ் மாத்தினா கூடவே குழாயையும் முழு நீளத்துக்குச் சுத்தம் பண்ணணும்னு அதுலயே கேளுங்க. நண்பர்கள் வீட்டுக்கு இப்படி ஒரு மெயில் நான்தான் உக்காந்து எழுதிக் குடுத்தேன், படம் ஆறு. வீட்டுக்காரர் மறுநாளே ஆளை அனுப்பி உலோகக் குழாய் போட்டுட்டார். அந்த எழுபது டாலரை மட்டும் இன்னும் திருப்பித் தரலை, ரெண்டாவது மெயில் போயிருக்கு.